கதவுக் கண்

கோட்டு, பூட்ஸ், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு கதவின் சின்னக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தால், வெளியே ஆள் நிற்கிறது.

போச்சு.

மாடிப்படியில் யாராவது நின்றால் எங்கள் கட்டிடத்தில் ஒருவரும் கதவைத் திறக்க மாட்டோம். ஆள் போகிறவரை உள்ளேயே நிற்போம். ஸ்டாக்ஹோம் முழுக்க இப்படித்தான். மரியாதை என்று சொல்லிக்கொள்வோம். பயம்தான், வேறென்ன. முப்பது வருஷமாக இந்தக் கதவுக்குப் பின்னால் நின்று பழகியவன் நான்.

மணி ஒன்பதேகால். பத்துக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும். என் மகள் டூவா வருகிறாள், நாலு வருஷம் கழித்து.

போன வாரம் அவளேதான் போன் செய்தாள். "சனி ஞாயிறு ரெண்டு நாளும் ஊரைச் சுத்திக் காட்டுப்பா. சின்ன வயசுல ஒருநாளாவது காட்டியிருப்பியா? பத்து மணிப் படகு. நீ வரலேன்னா அடுத்த ரயில்ல மால்மோ திரும்பிடுவேன். இன்னொரு ஆளும் வருது, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

இன்னொரு ஆள் ஹென்னிங்தான். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் வந்து நின்ற அன்று, "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று கத்தியவன் நான். வாய்க்கொழுப்பு. அதனால்தான் அவள் வீட்டுக்கு வராமல் படகுத்துறையில் நிற்கப்போகிறாள்.

காலையிலிருந்து கண்ணாடி முன்னால் ஹென்னிங்கைப் பார்த்துச் சிரிக்கப் பழகினேன். பரவாயில்லை, நாலாவது தடவை நன்றாகவே வந்தது.

சட்டைப் பையில் இரண்டு நாளுக்கும் அட்டவணை. முதலில் கடலுக்கடியிலிருந்து தூக்கி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிற அந்தப் பழைய கப்பல். சின்னப்பிள்ளையில் அதைக் காட்டு காட்டு என்று உயிரை எடுப்பாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே பத்து வருஷம் ஓட்டினேன். கப்பல் எங்கே போய்விடப்போகிறது என்று நினைப்பு.

வெளியே ஆள் அசையவில்லை.

மாடிப்படி விளக்கு தானாக அணைந்துவிடுகிற ரகம். அணைந்துவிட்டது. இருட்டில் முக்காடு போட்ட மஞ்சள் மழைக்கோட்டின் முதுகு மட்டும் தெரிந்தது.

மேல்மாடி குன்வோர்! அவளேதான்.

புதன்கிழமை கட்டிடத்துக்குப் பொதுவான துணி துவைக்கும் அறையில் என் முறை முடிந்தும் கால்மணி நேரம் துணியை எடுக்காமல் விட்டுவிட்டேன். கதவில் காகிதம் ஒட்டிவிட்டாள் மகராசி: "உங்க அம்மா இங்க வேலைக்கு இல்ல. துணியை நேரத்துக்கு எடுங்க!" ஆச்சரியக்குறியில் காகிதமே கிழிந்திருந்தது. இப்போது நேரிலேயே வந்துவிட்டாள். கதவைத் திறந்தால் அரைமணி நேரம் பிடித்துக்கொள்வாள். படகு போய்விடும்.

ஒன்பது இருபத்தைந்து.

குனிகிறாள். நிமிர்கிறாள். ஏதோ முணுமுணுக்கிறாள். சண்டைக்கு ஒத்திகை பார்க்கிறாள்போல.

போயேன் தாயே, உனக்குப் புண்ணியமாய்ப் போகட்டும்.

கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. காலை மாற்றி வைத்தால் தரைப்பலகை கிறீச்சிடும். உள்ளே இருக்கிறேன் என்று தெரிந்துபோகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, துளையிலிருந்து கண்ணை எடுக்காமல், சொந்த வீட்டில் திருடன் மாதிரி நின்றேன்.

திடீரென்று கதவுப்பக்கம் திரும்பினாள். முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. என் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை அழைப்பு மணியை நோக்கி ஒருதரம் எழும்பியது. அப்படியே இறங்கிவிட்டது.

ஒன்பது முப்பத்தைந்து. மறுபடி ஒருமுறை குனிந்தாள். பிறகு படியிறங்கினாள். ஒவ்வொரு படியாக, நின்று நின்று. மூட்டுவலிக்காரி. கீழே வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறவரை பொறுத்திருந்தேன். அதுதான் வழக்கம்.

அப்பாடா! டாக்ஸி பிடித்தால் படகைப் பிடித்துவிடலாம். கதவைத் திறந்து மாடிப்படி விளக்கைப் போட்டேன்.

தரையில் ஈரக் காலடிகள். ஒரு ஜோடி, பெண்ணின் பூட்ஸ். அதை ஒட்டி இன்னொரு ஜோடி, என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. அங்கேயும் இங்கேயும் ஓடி, சுவரோரம் போய், மறுபடி பெரிய காலடிப் பக்கத்திலேயே வந்து நின்றிருந்தன.

கதவின் துளையில் பார்த்தால் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது.

என் வாசல் மிதியடியில் மட்டும் ஒரு காலடிகூட இல்லை. அதை மிதிக்காமல், அதன் விளிம்பிலேயே நின்றிருக்கிறார்கள். பக்கத்தில் சின்னதாய்ச் சிவப்புக் கையுறை ஒன்று கிடந்தது. என் மூன்று விரல்தான் அதற்குள் நுழையும்.

"டூவா!"

அந்தப் படிக்கட்டில் யாரும் அப்படிக் கத்தியதே இல்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை. எல்லோரும் உள்ளேதான் நின்றிருப்பார்கள்.

போனைப் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், அணைத்துவிட்டிருந்தாள்.

ஏன்? நான்தான் வெளியே கிளம்பிவிட்டேன் என்று நினைத்திருக்கலாமே? படகுத்துறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே போயிருப்பாள்?

பூட்டுவதற்குத் திரும்பினேன். உள்ளே கூடத்து விளக்கை அணைக்க மறந்திருக்கிறேன். சாத்திய கதவின் நடுவில் கண்ணாடித் துளை பளிச்சென்று எரிந்தது.

ஆறு வயதில் இதே படியில் என் கையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு கதவாகக் காட்டி, எனக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்.

"கண்ணு வெளிச்சமா இருந்தா யாரும் இல்லப்பா. இருட்டா இருந்தா உள்ள நின்னு பாக்கறாங்க."