முதலிடத்துக்கு மூன்று மார்க்

"இது பாட்டே இல்லை" என்றார் ஒனோரே லுக்குசா, மைக்கை நோக்கி மோவாயை உயர்த்தி. "வகுப்புல வாத்தியார் பேர் கூப்பிடுற மாதிரி இருக்கு."

நிகழ்ச்சியை நடத்தும் நதேஜ் எதிரே உட்கார்ந்து சிரித்தாள். கின்ஷாசாவில் ரேடியோ வைத்திருந்த எல்லோருமே சிரித்திருப்பார்கள் என்று ஒனோரே நம்பினார்.

ஆண்டின் பத்து வெற்றிப் பாடல்களில் ஒன்பதை அவர் துவைத்துக் காயப்போட்டாயிற்று. மிஞ்சியது முதலிடம்: 'குடையை மறந்து போனவள்'. ஊரே அதற்குத்தான் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது.

பாட்டின் நடுவே ஆட்களின் பெயரைக் கூவுவது இங்கே வழக்கம். கல்லெறிவது என்பார்கள். காசுள்ளவன் கொடுத்து எறியச் சொல்வான்; பிடித்தவர்களுக்குப் பாடகர்களே சும்மா எறிவார்கள். ஒரு கல் பட்டால் போதும், ஆள் சாகிறவரை நெஞ்சை நிமிர்த்தி நடப்பான்.

தலை நரைக்கும்வரை பாட்டுகளைப் பற்றியே பேசிவந்த ஒனோரே மேல் ஒரு கூழாங்கல்கூட விழுந்ததில்லை.

அந்தப் பாட்டை முதலில் ஒரு பியர் கடையில் கேட்டார். சுட்ட ஆட்டிறைச்சியை மிளகாயில் தோய்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. கால்கூடத் தாளம் போட்டது. அப்போது பாடகன் கூவினான்: "எவரிஸ்த் மாயெலே! எவரிஸ்த்!"

எவரிஸ்த்! வேறொரு ரேடியோவில் பாட்டுகளுக்கு அபிப்பிராயம் சொல்கிறவன். எந்தப் பாட்டைப் போட்டாலும் பிரமாதம் என்பவன்.

ஒனோரே பாதித் தட்டை அப்படியே விட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து அந்தப் பெயரைத் தாண்டி அந்தப் பாட்டை அவர் கேட்டதே இல்லை. மஞ்சள் டாக்சிபஸ்ஸில் ஒலித்தால் நடுவழியில் இறங்கி வெயிலில் நடந்தார். மைத்துனி கல்யாணத்தில் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். ஒரு பாட்டைக் கிழிப்பதற்கு அதன் முன்பாதி தாராளம்.

இத்தனைக்கும் இந்த ஆண்டு அவருக்கு நல்ல ஆண்டு. அவர் குடியிருக்கும் லெம்பாவில், அதுவரை தலைகூட அசைக்காதவர்கள் அவரைக் கண்டதும் சிரித்தார்கள். ரொட்டிக்காரி ஒரு ரொட்டி கூடுதலாகப் போட்டாள். போக்குவரத்துப் போலீஸ்காரர் சல்யூட் அடிப்பதற்குப் பதில் தன் காதைப் பிடித்து இழுத்துக்காட்டி, "பப்பா ஒனோரே, தினமும் உங்களைக் கேக்குறோம்ல!" என்றார்.

காதை இழுப்பது ஏதோ புது மரியாதை என்று ஒனோரே எடுத்துக்கொண்டார்.

அவருடைய நிகழ்ச்சி சனிக்கிழமை மட்டும்தான். தினமும் எப்படிக் கேட்கிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. புகழ் வாசலுக்கு வந்து நிற்கும்போது யார் அதனிடம் விலாசம் விசாரிப்பார்கள்?

"சரி பப்பா, மார்க் சொல்லுங்க" என்றாள் நதேஜ்.

"பத்துக்கு மூணு. அதுவும் கிட்டார்காரனுக்காக. கண்டவன் பேரையெல்லாம் கத்தினா கேக்குறவன் காதுக்கு என்னம்மா மரியாதை?"

நதேஜின் புருவம் உயர்ந்து அங்கேயே நின்றது. பிறகு, "முதலிடப் பாட்டு, நேயர்களே! இன்னிக்கு முழுசா" என்று அறிவித்துப் பாட்டைப் போட்டாள்.

ஒனோரேவின் கை ஹெட்போனைக் கழற்றப் போனது. கழற்றினால் ஏன் என்று கேட்பாள். கையை இறக்கிக்கொண்டார்.

பாட்டில் எவரிஸ்த் வந்தான். இரண்டாம் முறையும் வந்தான். ஒனோரே பல்லைக் கடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் கேட்டே இராத பாதி தொடங்கியது. கிட்டார் வேகம் பிடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு பார்க்கும் ப்ரோஸ்பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஆடினான். சட்டென்று எல்லாக் கருவிகளும் அடங்கின. பாடகன் தொண்டை கிழியக் கூவினான்:

"ஒனோரே லுக்குசா! லெம்பாவோட காது! பாட்டைக் கடைசி வரைக்கும் கேக்குற ஒரே மனுஷன்!"

ப்ரோஸ்பேர் இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பிடித்து இழுத்தபடி இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினான். யோசிக்காமல் ஆடினான், ஆண்டு முழுக்க ஆடிப் பழகியவனைப் போல.

ஒனோரேவின் கண்முன் ரொட்டிக்காரி வந்து போனாள். போலீஸ்காரர் வந்து போனார்.

பாட்டு முடிந்தது. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"கேட்டீங்களா நேயர்களே!" நதேஜின் குரல் தழுதழுத்தது. "தன் பேரு இருக்கிற பாட்டுக்கே மூணு மார்க்! இந்த ஊர்ல வேற யாருக்கு வரும் இந்த நேர்மை? மனசு வலிக்கலையா பப்பா?"

ஒனோரே கண்ணை மூடினார். நிதானமாகத் திறந்தார்.

"கலைன்னு வந்துட்டா, நான் என் பேரைக்கூடக் காதுல வாங்குறதில்லம்மா."

விளக்கு அணைந்தது. நதேஜ் அவர் கையைக் கண்களில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பற்றிக் குலுக்கிவிட்டுப் போனாள். ப்ரோஸ்பேர் கம்பிகளைச் சுருட்ட வந்தான்.

ஒனோரே இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"தம்பி, அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடேன்" என்றார் தணிந்த குரலில். "அவன் பேரு ரெண்டு தடவை வந்துச்சு. என் பேரு ஒரு தடவைதானா?"