டம்ளரின் முதுகு

ஒரு சமையலறையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. காபி வரும், மோர் வரும், வந்த வேகத்தில் போய்விடும். தங்குவார் யாருமில்லை.

மகள் நிறைமதிக்கு அறிவியல் பாடத்தைச் செய்துகாட்டுவதற்காக வாசுகி ஒருநாள் அந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாள். தண்ணீர் உறைந்து டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வெளியே எடுத்துக் கவிழ்த்தபோது, பனிக்கட்டி அச்சு அசலாக டம்ளர் மாதிரியே தட்டில் நின்றது.

"அப்படியே என் ஜாடை!" என்று பூரித்துப்போனது டம்ளர். "இனிமே நீ எங்கேயும் போகமாட்டதானே?"

"போவேன். ஆனா திரும்பி வருவேன்," என்றது பனிக்கட்டி. "எந்தக் கோலத்துல வருவேன்னுதான் சொல்ல முடியாது."

கட்டி உருகித் தண்ணீரானது. வாசுகி அதை அடுப்பில் கொதிக்கவைத்தாள். "பாரு, இப்ப ஆவி!" என்றாள். ஆவி மேலே எழும்பி, அறைக் காற்றில் கலந்து காணாமல் போனது.

டம்ளர் வாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அந்த வழியாகத்தானே வந்திருக்கிறார்கள்?

மதியம் வாசுகி அதில் ஐஸ் போட்டு எலுமிச்சை ஜூஸ் ஊற்றினாள். சற்று நேரத்தில் டம்ளரின் முதுகில் சில்லென்று ஒரு துளி அரும்பியது.

"நான்தான். வந்துட்டேன்."

டம்ளர் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. "யாருப்பா அது முதுகுல? தொந்தரவு பண்ணாத. எனக்கு வேண்டியவங்க வர்ற நேரம்."

"அம்மா, டம்ளர் வேர்த்திருக்கு!" என்ற நிறைமதி, சட்டை நுனியால் அதன் முதுகைத் துடைத்துவிட்டு ஜூஸை மடமடவென்று குடித்து முடித்தாள்.

காலி டம்ளர் மறுபடியும் வாயைத் திறந்துவைத்துக்கொண்டது.