ஊரைப் பார்த்த செருப்பு

ரிசார்ட் வேன் வந்து நின்றதிலிருந்தே மெற்றில்டாவுக்கு அந்த மஞ்சள் பனியன்காரர்கள் மேல் சந்தேகம்தான். முதுகில் ‘கடலைக் காப்போம்’ என்று எழுதிக்கொண்டு, சுற்றுலா வந்தவர்களோடு சேர்ந்து கடற்கரையில் குப்பை பொறுக்கினார்கள். கடலை இவர்கள்தான் வந்து காப்பாற்ற வேண்டுமாம். அவள் பின்னாலேயே போனாள். தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கரண்டி, அறுந்த வலைத்துண்டு எல்லாம் சாக்குக்குள் போயின. போகட்டும்.

படகு தள்ளும் இடத்தில், அவர்களை வழிநடத்திய பெண் குனிந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை இடுக்கியால் தூக்கிக் காட்டினாள். “யாரோ வேண்டாம்னு போட்டுட்டுப் போனது. இது மக்கவே மக்காது.” எல்லோரும் செல்போனை நீட்டினார்கள்.

கடலுக்குப் போகிறவன் கரையில் கழற்றிவிட்ட செருப்பை, அவன் திரும்பும்வரை அந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். வாடைக்காற்றில் அவள் கணவர் போன படகு, மாதங்கள் கழிந்து காற்று திசை மாறி, கச்சான் காற்று வீசத் தொடங்கியும் வரவில்லை. மெற்றில்டாதான் தினமும் செருப்பில் ஏறிய மணலைத் தட்டி, கரையேறியதும் அவர் கால் நுழைக்க வாகாக ஊரைப் பார்த்துத் திருப்பி வைப்பாள்.

அவள் அந்தப் பெண்ணின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“அது எங்க வீட்டுக்காரரு செருப்பு. அவுக வரமாட்டாகன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

அந்தப் பெண் பதறிப்போனாள். “ஐயோ, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. இந்தச் செருப்பு யாருதுன்னு வந்ததுமே அந்த அண்ணன்கிட்ட கேட்டோம். எடுத்துருங்கன்னு சொன்னாரு.”

அவள் கைகாட்டிய இடத்தில், வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த மெற்றில்டாவின் கொழுந்தன் தலையை நிமிர்த்தவே இல்லை.