இரண்டாம் பாகத்தில் வரதன்

சகல உலகத்தாருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுலத்துக்கே நம்பிக்கையூட்டப்போகும் ஜாம்பிப் படத்தின் இரண்டாம் பாகம் இன்று பூஜையுடன் தொடங்குகிறது.

ஜாம்பியாகிவிட்ட தன் கணவன் வரதனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள் கோமளா. ஊசி போட்டதிலிருந்து அவன் யாரையும் கடிப்பதில்லை. ஆனாலும் வேலையில்லாத ஜாம்பியை வீட்டில் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. நாளைக்குள் வேலை கிடைக்காவிட்டால், எரிப்பதற்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

இயக்குநர் வரதனை நடக்கவிட்டுப் பார்த்தார். "கையை நீட்டலை, உறுமலை. ஜாம்பி மாதிரியே இல்லையேம்மா!"

"நிஜ ஜாம்பி சார்!"

"அதான் பிரச்சினை. ரசிகன் நம்பமாட்டான்."

அப்போது மேனேஜர் ஓடிவந்தார். "சார், ஹீரோ கேரவனை விட்டு இறங்கமாட்டேங்கிறாரு. ஜாம்பின்னா பயமாம்."

கோமளா விடவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பயமே கிடையாது சார். ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டித்தான் பாருங்களேன்."

மாட்டினார்கள். எதிரே பெரிய ஃபேனைப் போட்டார்கள். முடி பறக்க, வரதன் எங்கேயோ பார்த்தபடி அசையாமல் நின்றான். "டேக் ஓகே!" என்றார் இயக்குநர்.

மறுநாள் வந்த வண்டி காலியாகத் திரும்பியது. படம் முழுக்க ஹீரோவுக்கு வரதனே டூப் போட்டான்.

முதல் பாகத்தைவிட ஹீரோவின் நடிப்பு மெருகேறியிருப்பதாக எல்லாப் பத்திரிகைகளும் எழுதின.