தண்ணீர் குடிக்காத பிள்ளைகள்

அரசுப் பள்ளியின் ஆறாம் வகுப்பு அறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் மூன்று வேட்பாளர்களும் முழங்கால் இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் இருப்பவர் மருந்துக்கடைக்காரர். சாயங்கால வெயில் கரும்பலகையைப் பாதி வெளுத்துக் காட்டுகிறது. எதிரே கூடியிருக்கும் பெற்றோர்களில் ஒரு தாய் எழுந்து, கைப்பையை மார்போடு அணைத்தபடி கேட்கிறாள். "இங்க படிக்கிற பொண்ணுங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல. ஏன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?" முதல் வேட்பாளரான ஒப்பந்தக்காரர் சிரித்து மழுப்புகிறார். "விளையாட்டு மும்முரத்துல மறந்திருப்பாங்கம்மா." அடுத்தவர், புதுக் கட்டடம் வரப்போகிறது என்கிறார். மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. நீர்க்கடுப்புக்கு மருந்து கேட்டு, சீருடையோடு தன் கடைக்கு வந்து தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகள் மருந்துக்கடைக்காரரின் நினைவுக்கு வருகிறார்கள். நிறையத் தண்ணி குடிக்கணும்மா என்று சொல்லித்தான் ஒவ்வொருத்தியையும் அனுப்பியிருக்கிறார். மைக் அவர் கைக்கு வருகிறது. "கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம்மா?" "கதவே இல்லைங்க." அவர் பெஞ்சுக்கடியிலிருந்து மெல்லக் காலை உருவிக்கொண்டு எழுகிறார். "வாங்கம்மா, காட்டுங்க." அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "நாங்க தினமும் பாக்குறோம். நீங்க போய்ப் பாருங்க." மைக்கை வைத்துவிட்டு அவர் வாசலைத் தாண்டி வலப்பக்கம் திரும்புகிறார். "அந்தப் பக்கம் இல்லைங்க," என்கிறது அறைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல்.