மூன்றாவதை முதலில் எழுப்பு

திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. தலைமை அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்பது மெஷின்களும் ஒரே நொடியில் பேச்சு மூச்சில்லாமல் போயிருந்தன.

ஆரம்பித்துவிட்டார்களா, வரட்டும் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள் ஒத்திகை, நாளும் நேரமும் சொல்ல மாட்டேன் என்று மேலாளர் மிரட்டி வைத்திருந்தார். தலைமை அலுவலகமே அழிந்துபோனதாக வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கிளையில் அந்த ஒன்பதின் நகல்களையும் எழுப்ப வேண்டும். மெஷின் என்றால் கையால் தொடும்படி ஏதும் கிடையாது. ஒரே இரும்பு அலமாரிக்குள் ஒன்பது கணினிகளாகப் பாவனை செய்துகொண்டிருக்கும் வெறும் கோப்புகள். எது முதலில், எது பின்னால் என்ற திட்டம் அவள் எழுதியது. இரண்டு மாத உழைப்பு.

அதன் முதல் விதியும் அவள் எழுதியதுதான். தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் எவரும் உயிரோடு இல்லை எனக் கொள்க. அவர்களிடம் எதையும் கேட்கக் கூடாது.

அது யாருக்காக எழுதிய விதி என்று அலுவலகத்துக்கே தெரியும். அவள் கணவர் அங்கே மூன்றாம் மாடியில் இதே வேலைதான் பார்க்கிறார். தங்கமான மனிதர், ஆனால் கை சும்மா இராது. அவள் வெங்காயம் நறுக்கினால்கூடக் கத்தியைப் பிடுங்கி நறுக்கிக் காட்டுகிற ரகம். போன ஒத்திகையில் போன் வழியாகவே எல்லாவற்றையும் அவர் முடித்துக்கொடுக்க, பாராட்டுக் கடிதம் இருவர் பெயரிலும் வந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தத் தடவை மூச்சுவிடக் கூடாது என்று காலையில் செருப்பு மாட்டும்போதே சத்தியம் வாங்கியிருந்தாள். அவர் தலையைச் சாய்த்து, நாக்கைத் தொங்கப்போட்டுச் செத்தவன் மாதிரி நடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

தெருவில் ஓயாமல் சைரன் ஊளையிட்டது. இந்த நேரம் பார்த்தா என்று அலுத்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினாள்.

முதல் மெஷினை எழுப்பினாள். எழுந்தது, பாஸ்வேர்டை ஏற்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. திட்டத்தை மறுபடி புரட்டிப் பார்த்தாள்.

மேசைத் தொலைபேசி மணியடித்தது.

“மூணாவதை முதல்ல எழுப்பு. எல்லாரோட பாஸ்வேர்டும் இப்ப அதுலதான் இருக்கு.”

கணவரின் குரல். வழக்கமாக ஏசி இரைச்சலை மீறிக் கத்திப் பேசுபவர். இன்று அவருக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. காதுக்கு உள்ளேயே உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

“நீங்கதான் செத்துட்டீங்களே, அப்புறம் என்ன பேச்சு? வைங்க போனை!”

அவர் சிரிக்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் பாஸ்வேர்டுகளை இடம் மாற்றியதைத் திட்டத்தில் ஏற்ற அவள் மறந்துதான் போயிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதை எழுப்பினாள். அவ்வளவுதான், எட்டு வரை மளமளவென்று பச்சையாகிவிட்டன. சாயங்காலம் வீட்டில் இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவர்மேல் ஆசையாகவும் இருந்தது, சனியன்.

ஒன்பதாவதில் கைவைக்கப் போனபோது கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளர் வந்தார். நாலு மாடியும் படியேறி வந்தவர் போல மூச்சு வாங்கியது.

எட்டு எழுந்தாச்சு சார், இருபதே நிமிஷம் என்றாள்.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. போய் ஜன்னலைத் திறந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், தலைமை அலுவலகம் இருக்கும் இடத்தில், கரும்புகை வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

“ஒத்திகை நாளைக்கும்மா.”

இல்லை சார், அவர் இப்போதுதானே பேசினார், இந்த போனில்தானே பேசினார் என்று சொல்லிக்கொண்டே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. டயல் டோன்கூட இல்லை.

திரையில் இன்னும் சிவப்பாக இருந்தது ஒன்பதாவது மட்டும்தான். இரண்டு அலுவலகங்களின் தொலைபேசிகளையும் இயக்குகிற மெஷின். அது எழுந்தால்தான் இந்த மேசையில் மணியடிக்கும்.

அதை அவள் இன்னும் எழுப்பவில்லை.