தம்பியின் டிரைவர்

சிங்கள டெலிநாடகத்தில், கொழும்புப் பாதாள உலகக் குடும்பம் ஒன்றின் அண்ணனும் தம்பியும் செத்துப்போன அப்பாவின் இடத்துக்காக அடித்துக்கொண்டார்கள். தம்பியின் டிரைவராக நடித்தவன், யட்டியாந்தோட்டை ரப்பர் தோட்டத்து ராக்கம்மாவின் மகன் லோகநாதன்.

அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை.

"அண்ணன்காரன் பக்கம் போயிருடா. அங்கதான் பொழைப்ப," என்று டிவியிடம் கெஞ்சுவாள்.

பதினோராவது வாரம் அண்ணனின் ஆட்கள் காரை மறித்து டிரைவரைச் சுட்டார்கள். ராக்கம்மா உடைந்து அழுதாள். மகள் சுகந்தினி டிவியை நிறுத்தினாள்.

"நாடகம்தானேம்மா."

லோகநாதன் பஸ் விபத்தில் இறந்து நான்கு மாதமாகிறது. நாடகத்தை அதற்கு முன்பே எடுத்து முடித்திருந்தார்கள்.

"தெரியும்டி. வாராவாரம் உசுரோட வந்து மொகத்தக் காட்டிட்டுப் போனான். அடுத்த ஞாயித்துக்கெழம நான் யாரப் பாக்குறது?"